திருகோணமலையில இருந்து றக்பியைத் தொழிலாக்க வழி இருக்கா?

மட்கோ_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 17 முடிஞ்சுது, அடுத்த வருசம் ஏ.எல். எழுதுறான். உயரம் 181 சென்ரிமீற்றர், நிறை 76 கிலோ. பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில கோல்கீப்பர். அடிக்கிறது இடது காலால. 100 மீற்றர் கையால நேரம் எடுத்தா 11.8 செக்கன். உப்புவெளிக் கடற்கரையில பெடியளோட டச் றக்பி விளையாடுறான், ஆனா ஆளை விழுத்திப் பிடிக்கிற உண்மையான ஆட்டம் இன்னும் ஆடினதில்லை. பிரொங்கோ ஓட்டம் (1,200 மீற்றர், போய் வந்து போய் வந்து ஓடுறது) 5 நிமிசம் 25 செக்கன்.

இப்ப றக்பிதான் தொழில் எண்டு நிக்கிறான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ: இந்த உடம்புக்கு எந்த இடம் பொருந்தும்? இங்க இருந்துகொண்டு என்ன பழகலாம், எதைப் பழகக் கூடாது? சம்பளம் வாற வழி இலங்கையில எது, வெளிநாட்டில எது? அம்மாவின்ர கேள்வி வேற: அடிபட்டு இருந்தா ஆர் பாப்பினம், எத்தனை வயசு வரைக்கும் உழைக்கலாம்?

பன்னிரண்டாம்_நம்பர்:

முதல்ல இடத்தைப் பாப்பம். 1 முதல் 8 வரை முன்வரிசை ஆக்கள், 9 முதல் 15 வரை பின்வரிசை. ப்ரொப், ஹூக்கர் (1, 2, 3) இந்த வயசில புதுசாத் தொடங்கிற ஆளுக்குச் சரிவராது. தொழில்முறை ப்ரொப் 110 கிலோவுக்கு மேல நிப்பான். நிறையை விடு, ஸ்க்ரமுக்குள்ள (ரெண்டு அணியின்ர முன்வரிசையும் கோர்த்து நிண்டு தள்ளுறது) கழுத்தையும் முதுகையும் எப்பிடி வச்சிருக்கிறது எண்டு பழகவே வருசக்கணக்கு எடுக்கும். பழகாத ஆளை அதுக்குள்ள விட்டா கழுத்துத்தான் போகும். லொக்குக்கு (4, 5) 181 காணாது, பெரிய லீக்குகளில அந்த இடத்தில ரெண்டு மீற்றரை முட்டுற ஆக்கள் நிக்கினம்.

கோல்கீப்பர், இடது கால் எண்டதைக் கேட்டதும் எனக்கு வந்த எண்ணம் ஃபுல் பேக், 15. உயரப் பந்தை எங்க விழும் எண்டு கணிக்கிறது, பின்னால நிண்டு முன்னுக்கு நிக்கிறவைக்குச் சத்தம் போட்டு இடம் சொல்லுறது, கோணம் பாக்கிறது எல்லாம் கீப்பருக்கு ஏற்கனவே கைவந்தது. இடது கால் இன்னும் பெறுமதி. அணிக்குள்ள பெரும்பாலும் வலது காலால அடிக்கிறவைதான். மைதானத்தின்ர வலப்பக்கத்தில அணி நெருக்கடியில நிக்கேக்க, பந்தை வலக் கோட்டுக்கு வெளியால போக்க இடது கால் ஒண்டு இருந்தா எல்லாருக்கும் மூச்சு வரும். 50:22 விதி வந்த பிறகு (2021இல் சோதனையாக வந்து பிறகு நிரந்தரமானது) நீளமா, தாழ்வா, குறிபாத்து அடிக்கிற காலுக்கு விலை கூடிப்போச்சு. தன்ர பாதியில இருந்து அடிச்ச பந்து நிலத்தில பட்டு எதிரணியின்ர 22 மீற்றர் பகுதிக்குள்ள வெளியால போனா, லைன்அவுட்டில (வெளியால போன பந்தைக் கோட்டில நிண்டு உள்ளுக்கு எறியிறது) பந்தை எறியிற உரிமை அடிச்ச அணிக்கே.

கீப்பர் பழக்கத்தில கெட்டது ஒண்டும் இருக்கு. கீப்பர் நெஞ்சை நேராக் காட்டி ரெண்டு கையையும் தலைக்கு மேல நீட்டிப் பிடிப்பான். றக்பியில அப்பிடிப் பிடிச்சா, தவறின பந்து முன்னுக்கு விழும், அது நொக்-ஒன் எண்ட பிழை, ஸ்க்ரம் மற்றவைக்கு. தோளைப் பக்கவாட்டாத் திருப்பி, ஒரு முழங்காலை மடிச்சு உயர்த்திக்கொண்டு எழும்ப வேணும். அப்ப தவறினாலும் பந்து பின்னுக்கு விழும், வந்து மோதுறவனும் நெஞ்சில மோதமாட்டான். கீப்பருக்குப் பந்தைப் பிடிச்சதோட வேலை முடியும். ஃபுல் பேக்குக்கு அப்பதான் அடி வரும்.

அடுத்தது டாக்கிள், பந்தோட ஓடி வாறவனை விழுத்திப் பிடிக்கிறது. டச் றக்பி மட்டும் ஆடிப்போட்டு நேரா ஒரு கழகத்துக்குத் தெரிவுக்குப் போற பெடியள் எல்லாரும் மாட்டுறது இதிலதான். ஓட்டம், பாஸ் எல்லாம் நல்லா இருக்கும், முதல் டாக்கிளில தலையைத் தப்பான பக்கம் வச்சுப் போட்டு, தலையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பான். டாக்கிள் செய்யிறவனுக்குத்தான் மூளை அதிர்ச்சி கூட வாறது, ஓடுறவனுக்கு இல்லை.

ஒழுங்கு இப்பிடி. ஓடி வாறவனின்ர இடுப்பைப் பார், கண்ணையும் தோளையும் பாக்காதே, இடுப்பு பொய் சொல்லாது. ரெண்டு மீற்றர் இருக்கேக்க காலடியைச் சின்னதாக்கு. முன்கால் அவனின்ர காலுக்குக் கிட்டப் போக வேணும், தூர நிண்டு பாய்ஞ்சா கைதான் போகும், தோள் போகாது. அவன் உன்ர வலப்பக்கத்தால கடக்கப் பாத்தா வலத்தோள், உன்ர தலை அவனின்ர உடம்புக்குப் பின்பக்கம், கன்னம் அவன்ர பிட்டத்தோட ஒட்டி. அவன் ஓடுற பாதைக்கு முன்னால தலை போகவே கூடாது. தோள் பட்ட பிறகு கையைச் சுத்திக் கட்டு, காலை நிப்பாட்டாமத் தள்ளு, விழுந்ததும் கையை விட்டிட்டு உருண்டு விலகு. விலகாட்டி பெனல்ரி.

பழகிறது மணலில, கட்டங்கட்டமா: ரெண்டு பேரும் முழங்காலில, பிறகு ஒருத்தர் நடந்து, பிறகு மெதுவா ஓடி. ரெண்டு தோளிலும் சம அளவு. முழு வேகம் கடைசியா, பழக்கத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில நிண்டா மட்டும். டாக்கிள் பேக் வாங்கக் காசு இல்லாட்டி, ரெண்டு உரப்பையை ஒண்டுக்குள்ள ஒண்டு போட்டு உள்ளுக்குப் பழைய வலைத் துண்டு, சீலை எல்லாம் இறுக்கி அடைஞ்சு வாயைத் தைச்சு எடுங்கோ. திருகோணமலையில கிழிஞ்ச வலைக்குப் பஞ்சமில்லை. மண் மட்டும் நிரப்ப வேண்டாம், அசையாத கனம் தோளுக்கும் கழுத்துக்கும் கேடு.

பழைய_ப்ளாங்கர்:

12ஆம் நம்பர் சொன்ன டாக்கிள் பாடம் நூறு வீதம் சரி. இடத்தில நான் ஒத்துப்போகேல்லை. ஃபுல் பேக் ஒரு அணியில ஒருத்தன்தான், அதுவும் பத்து வயசில இருந்து பந்து பிடிச்ச கொழும்புப் பெடியளோட போட்டி. ப்ளாங்கர் (6, 7) ரெண்டு பேர். ரெண்டு வருசத்தில 86, 88 கிலோவுக்கு வந்தா ஆசிய மட்டத்தில 7ஆம் நம்பருக்கு அது காணும். விழுந்த பந்தை எடுக்கிற வேலைக்கு நுட்பமான பாஸ், கிக் கணக்கு எல்லாம் தேவையில்லை. விடாமல் ஓடுறது, குனிஞ்சு நிண்டு பந்தில கை வைக்கிறது, இதைப் பிந்தித் தொடங்கினவனும் பிடிக்கலாம். கீப்பருக்குக் கையும் இருக்கு.

பன்னிரண்டாம்_நம்பர்:

பந்தில கை வைக்க முதல் றக்குக்குள்ள (விழுந்த பந்துக்கு மேல ரெண்டு அணியும் முட்டுற இடம்) குனிஞ்சு நிக்க வேணும். ரெண்டு பக்கத்தாலயும் 100 கிலோக்காரர் வந்து இடிப்பினம். 76 கிலோ, மோதல் பழக்கம் இல்லாத பெடியனை முதல் வருசம் அதுக்குள்ள விடுறது எனக்குச் சரியாப் படேல்லை. 15இலயோ விங்கிலயோ (11, 14, ஓரத்து இடம்) தொடங்கி, உடம்பு வந்தா 7க்கு மாறட்டும். எதிர்த்திசையில மாறுறது கஷ்டம். ஏழுபேர் ஆட்டம் (பாதிக்கு 7 நிமிசம்) ரெண்டு பேரின்ர வாதத்துக்கும் நடுவில ஒரு வழி: அதில எல்லாருமே எல்லா வேலையும் செய்ய வேணும், ஸ்க்ரம் மூண்டு பேர்தான்.

வெலிசறை_வாசல்:

சம்பள வழி பற்றிக் கேட்டீங்கள் அக்கா. றக்பி யூனியன் உலகத்தில தொழில்முறையானது 1995 ஓகஸ்டில. இலங்கையில முழு அர்த்தத்தில இன்னும் அப்பிடி இல்லை, பாதி பாதி. மேல்மட்ட லீக்கில ஆடுறது கண்டி எஸ்.சி., சி.ஆர்., ஹெவ்லொக், சி.எச். மாதிரியான கழகங்களும், கடற்படை, தரைப்படை, வான்படை, பொலிஸ் அணிகளும். காசு ரெண்டு விதம். கழகம் குடுக்கிறது பருவகாலத்துக்கு மட்டும்: மாதப்படி, மேட்ச் காசு, தங்குமிடம், சில இடத்தில அனுசரணை நிறுவனத்தில ஒரு வேலை. பருவம் முடிஞ்சா மற்ற மாசங்களுக்கு அந்த வேலைதான் சோறு. படை, பொலிஸ் குடுக்கிறது மாதச் சம்பளம், படி, வைத்தியம், சேவைக்காலம் நிறைஞ்சா ஓய்வூதியம். விளையாட்டு முடிஞ்ச பிறகும் வேலை நிக்கும். அம்மாவின்ர கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

திருகோணமலை ஆக்களுக்கு ஒரு மயக்கம் இருக்கு. டொக்யார்ட் (கடற்படைத் தளம்) பக்கத்தில இருக்கு, கடற்படைக் கல்விக்கூடமும் உள்ளுக்கு இருக்கு, அதால கடற்படை றக்பி கிட்ட எண்டு. இல்லை. கடற்படை அணி பழகிறது கொழும்புக்கு வெளியால வெலிசறையில. சீனன்குடாவில வான்படை இருக்கிறதும் அதே கதைதான். டொக்யார்ட் வாசலில போய்க் கேட்டு வேலை நடக்காது. ஆள் சேர்க்கிற விளம்பரம் தமிழ்ப் பத்திரிகையிலயும் வரும், வயசு, உயரம், ஓ.எல். பெறுபேறு எல்லாம் அதில இருக்கும். விளையாட்டு வீரர் எண்டு தனியாக் கேட்டா சான்றிதழ் கேப்பினம். கடற்கரை டச் றக்பிக்குச் சான்றிதழ் இல்லை. ஆனபடியா இப்பவே செய்ய வேண்டியது: 100 மீற்றரிலயோ உதைபந்திலயோ வலய, மாகாண மட்டத்தில ஒரு காகிதம் எடுத்து வைக்கிறது. ஏகாம்பரம் மைதானத்திலயும் மக்ஹெய்சரிலயும் நடக்கிற போட்டிகளை இந்தக் கண்ணோட பாருங்கோ. கண், நிறக்குருடு, பல்லு முதலே காட்டுங்கோ. கடற்படையில நிறப்பார்வை இல்லாட்டி வேற எது இருந்தும் பிரயோசனமில்லை.

படை எண்டா எங்கட வீடுகளில யோசிப்பினம், அதை நான் பிழை சொல்ல மாட்டன். பொலிஸ் அணியும் அதே லீக்கில ஆடுது. அதுவும் வேண்டாம் எண்டா கழக வழி, அதுக்குக் கொழும்பைவிடக் கண்டியை முதல் பாருங்கோ. வீதியால கொழும்பு 260 கிலோமீற்றர் வரும், கண்டி ஹபரணை, தம்புள்ளை, மாத்தளையால சுமார் 180. கண்டி அணியின்ர மைதானம் நித்தவெல. ஆனா கிழமைக்கு மூண்டு நாலு நாள் பழக வேண்டியதை பஸ்ஸில போய் வந்து செய்ய ஏலாது, அங்க தங்க வேணும். ஏ.எல். முடியாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

எந்த வழியிலும் ஒண்டு தேவை: சிங்களம். லைன்அவுட் சொல், தற்காப்பு வரிசையில “மேல வா”, “விடு”, “உள்ளுக்கு” எல்லாம் சிங்களத்திலயும் ஆங்கிலத்திலயும் கலந்துதான் வரும். ஃபுல் பேக் எண்டா அவன்தான் சத்தம் போட வேண்டிய ஆள். விளங்கேல்லை எண்டு அரைச் செக்கன் பிந்தினா அந்த இடைவெளியால எதிரணி ஓடி ட்ரை (புள்ளி) எடுக்கும்.

கச்சான்_காத்து:

நான் உடம்புப் பக்கம் மட்டும். பிரொங்கோ 5:25 எண்டீங்கள். முதல்ல அது சரியா அளந்ததா? 20 மீற்றர் போய் வந்து, 40 போய் வந்து, 60 போய் வந்து, இது 240 மீற்றர். அப்பிடி நிறுத்தாமல் ஐஞ்சு தரம், மொத்தம் 1,200. காலடியால அளந்து செருப்பு வச்சு ஓடினா 18 மீற்றரும் 20 ஆயிடும். நாடாவால அளக்க வேணும், கெட்டித் தரையில ஓட வேணும், மணலில ஓடின நேரத்துக்கு ஒப்பீடே இல்லை. கோட்டைக் காலால தொடுறதை வலம் இடம் மாத்தி மாத்திச் செய்யச் சொல்லுங்கோ, ஒரே காலில திரும்பினா அந்தப் பக்க இடுப்பும் முழங்காலும்தான் முறையிடும். தொழில்முறை பின்வரிசை ஆட்டக்காரர் 4:50க்குக் கீழ, நல்ல ஆக்கள் 4:30 பக்கம். 5 நிமிசத்துக்குக் கீழ வராமல் தெரிவுக்குப் போறது வீண்.

நிறை: கிழமைக்குக் கால் கிலோ, மிஞ்சினா 400 கிராம். அதைவிட வேகமா ஏறினா அது கொழுப்பு, 11.8 செக்கன் 12.3 ஆகும். புரதம் உடல் நிறையில ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம், அதாவது இவருக்கு 120 முதல் 150. பவுடர் இல்லாமலே வரும்: முட்டை 4 (24 கிராம்), மீன் கால் கிலோ (50), அவிச்ச கடலை ஒரு கோப்பை (14), பால் அல்லது தயிர் அரை லீற்றர் (16), பருப்பும் சோறும் சேர்த்து 30 பக்கம். கூட்டிப் பாருங்கோ. சூடை, சாளை மலியிற காலத்தில புரதம் இதைவிட மலிவா எங்கயும் கிடையாது. எங்கட பெடியள் பிழைக்கிறது புரதத்தில இல்லை, காலமைச் சாப்பாட்டில. ரெண்டு இடியப்பத்தோட பயிற்சிக்குப் போறது.

ஜிம்மில மூண்டு நாள்: ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப், தோளுக்கு மேல தூக்கிறது, இழுக்கிறது. முதல் மூண்டு மாசம் எடை பற்றி யோசிக்காமல் முறை மட்டும். எல்லாரும் விட்டுடுற ஒண்டு கழுத்து. துவாயைத் தலையில போட்டு ஒருத்தர் மெதுவா இழுக்க, தலையை அசையவிடாமல் நாலு பக்கமும் 10 செக்கன் தாங்குறது, கிழமைக்கு மூண்டு தரம். கடற்கரை ஓட்டத்தைக் கிழமைக்கு ஒருக்கா வையுங்கோ, தினமும் மணலில ஓடினா குதிநரம்பு பிடிக்கும்.

மே முதல் ஓகஸ்ட் வரைக்கும் இங்க கச்சான் காத்து அடிக்கேக்க பத்து மணிக்குப் பிறகு வெளியில கடும் பயிற்சி வேண்டாம். அந்தக் காத்து வியர்வையை உடனே காயவச்சிடும், தண்ணி போறது தெரியவே தெரியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கோ. ஒரு கிலோ குறைஞ்சா ஒண்டரை லீற்றர் வரைக்கும் திருப்பிக் குடிக்க வேணும், அடுத்த சில மணித்தியாலத்துக்குள்ள, ஒரே மூச்சில இல்லை. வெறும் தண்ணியை மட்டும் குடம் குடமாக் குடிச்சா உப்புக் குறையும், ஜீவனி (உப்பு, சீனி கலந்த கரைசல் தூள்) ஒரு பைக்கற் சேர்த்தா காணும். தலைச்சுத்து, வாந்தி, கதை தடுமாறினா அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கம். நிழல், உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணி, ஆஸ்பத்திரி.

பந்தும் வெயிலைப் பாக்கும். அளவு 5, காத்து 9.5 முதல் 10 பி.எஸ்.ஐ. காலமை அடிச்ச பந்தை வெயிலில விட்டா பின்னேரம் கல்லு மாதிரி நிக்கும், அதில கிக் பழகினா மேட்ச் பந்து அவ்வளவு தூரம் போகாது.

மட்கோ_அக்கா:

எல்லாருக்கும் நன்றி, தம்பி வாசிச்சுக்கொண்டே இருக்கிறான். ரெண்டு விசயம் கூடுதலாக் கேக்கிறன். ஒருத்தர் வந்து, வெளிநாட்டுக் கழகம் ஒண்டில ஒப்பந்தம் எடுத்துத் தாறன், முன்பணம் குடுங்கோ, இப்ப விசிட் விசாவில போய்ப் பிறகு மாத்தலாம் எண்டு சொல்லுறார். மற்றது, ஜிம்மில லேபல் இல்லாத டப்பாவில ஒரு பவுடர் குடுத்திருக்கினம், நிறை ஏறுமாம்.

கடிதம்_பார்த்தவன்:

முன்பணம் கேட்டாலே அந்தக் கதையை அதோட முடியுங்கோ. உண்மையான முகவர் ஆட்டக்காரனின்ர ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, சம்பளத்தில ஒரு வீதம் எடுப்பார், பெரும்பாலும் 5 முதல் 10 வரைக்கும். இன்னும் ஒரு மேட்ச் ஆடாத பெடியனைத் தேடி எந்த வெளிநாட்டுக் கழகமும் வராது, அவை வீடியோ கேப்பினம், ஆடின மட்டம் கேப்பினம். ஒரு யூனியனில (நாட்டு றக்பி சபை) இருந்து இன்னொரு யூனியனுக்குப் போக, விட்டுப்போற நாட்டின்ர யூனியன் அனுமதிக் கடிதம் குடுக்க வேணும். வந்தவரிட்ட அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ, முகம் மாறும்.

விசா விசயம் இன்னும் மோசம். பிரித்தானியாவில விசிட் விசாவில சம்பளத்துக்கு ஆட ஏலாது. படிப்பு விசாவிலயும் தொழில்முறை விளையாட்டு வீரரா வேலை செய்யத் தடை, காசுக்குப் பயிற்சி குடுக்கிறதும் அதுக்குள்ள வரும். சனி ஞாயிறு கழகத்தில ஆடி 50 பவுண் வாங்குறது சின்ன விசயம் மாதிரித் தெரியும், விசா போகும். தொழில்முறை விசாவுக்கு அந்த நாட்டு விளையாட்டு அமைப்பின்ர ஒப்புதல் வேணும், அது மேல்மட்டத்தில ஆடினவைக்குத்தான். “மாமா லண்டனில இருக்கிறார்” எண்டதும் தகுதி இல்லை. இன்னொரு நாட்டின்ர தேசிய அணிக்கு ஆட, அங்க பிறந்திருக்க வேணும், அல்லது தாய் தகப்பன், பாட்டன் பாட்டி அங்க பிறந்திருக்க வேணும், அல்லது வருசக்கணக்கா அங்க இருந்து தகுதி எடுக்க வேணும்.

வெளிநாட்டுச் சந்தையும் நினைக்கிற மாதிரி அகலமில்லை. பிரான்ஸின் டொப் 14 கழகங்கள் மேட்ச் அணியில சராசரியா 16 பேர் பிரான்ஸில பயிற்சி பெற்றவரா வச்சிருக்க வேணும், மிச்ச இடங்களுக்கு உலகமே அடிபடுது. இங்கிலாந்து பிரீமியர்ஷிப்பில 2022–23 பருவத்துக்குள்ள வூஸ்டர், வொஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் எண்டு மூண்டு கழகம் காசில்லாமல் விழுந்தது, ஒப்பந்தம் கையில இருந்த ஆட்டக்காரரும் வேலை தேடினவை. ஜப்பானின் லீக் வண், 2022 ஜனவரியில தொடங்கினது, பலர் அங்க கொம்பனி ஊழியரா இருந்துகொண்டே ஆடுகினம், நிலையான வேலை வேணும் எண்டிற ஆளுக்கு அந்த முறைதான் என்ர கண்ணில நல்லது. எங்களுக்குக் கிட்ட இந்தியாவில 2025 ஜூனில மும்பையில ஆறு அணியோட ஏழுபேர் லீக் தொடங்கினது, முதல் கிண்ணம் சென்னை புல்ஸுக்கு. சென்னை எண்ட பேரைப் பாத்து மயங்க வேண்டாம், வெளிநாட்டு இடங்கள் ஏழுபேர் ஆட்டத்தில உலக மட்டத்தில பேர் எடுத்தவைக்குப் போகுது.

எந்த ஒப்பந்தம் வந்தாலும், உள்ளூர்க் கழகமா இருந்தாலும், எழுத்தில இருக்க வேண்டியது: தொடக்கம் முடிவுத் திகதி, மாதக் காசு எத்தனையாம் திகதி, மேட்ச் காசு ஆடினா மட்டுமா, மாற்று ஆளா வாங்கில இருந்தாலுமா, தங்குமிடம் ஆர், சத்திரசிகிச்சைச் செலவு ஆர், அடிபட்டு ஆடாத மாசங்களுக்குக் காசு எத்தனை மாசம், நடுவில நிறுத்தினா எத்தனை நாள் முன்னறிவித்தல். “வாய்ப்பேச்சிலயே போதும், நாங்கள் ஒரு குடும்பம்” எண்டு சொல்லுற இடத்தில கட்டாயம் எழுதிக் கேளுங்கோ. கடைசி மூண்டும் இல்லாத காகிதத்தில கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஓர்ஸ்ஹில்_பிசியோ:

பவுடரைக் கொட்டுங்கோ. லேபல் இல்லாததுக்குள்ள அனபொலிக் ஸ்டீராயிட் இருந்தா, தெரியாமல் குடிச்சன் எண்டது விடுதலை தராது, உடம்பில கண்டதுக்கு ஆட்டக்காரன்தான் பொறுப்பு. முதல் குற்றத்துக்கே நாலு வருசத் தடை வரலாம், 18 வயசில அது முழுத் தொழிலும்தான். பாடசாலை மட்டத்திலயும் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் சோதிக்கும். கிரியேற்றின் (நாளுக்கு 3 முதல் 5 கிராம்) தடையில்லை, ஆனா தொகுதி வாரியாச் சோதிச்ச முத்திரை உள்ள டப்பாவா இருக்க வேணும், இந்த வயசில அவசியமும் இல்லை. ஆஸ்துமா பம்ப், சளி மருந்து, மூலிகை லேகியம் எதுவா இருந்தாலும் குடிக்க முதல் கேக்கிற பழக்கம் வேணும்.

அம்மாவின்ர கேள்விக்கு. றக்பியில அதிகம் வாறது மூளை அதிர்ச்சி, தோள் விலகல், முழங்கால் இணைப்பு நார் அறுதல். முழங்கால் முன் குறுக்கு நார் அறுந்து சத்திரசிகிச்சை செய்தா திரும்பி ஆடக் குறைஞ்சது ஒன்பது மாசம். ஆறாம் மாசத்தில கால் நல்லாத்தான் இருக்கும், அப்ப போறவைக்குத்தான் திரும்ப அறும். 20 வயசுக்குள்ள முதல் தரம் தோள் விலகினா திரும்ப விலகிற வாய்ப்பு மிக அதிகம், உள்ளுக்குத் தள்ளிவிட்டு அடுத்த கிழமை ஆட விடக் கூடாது.

மூளை அதிர்ச்சிக்கு மயங்கி விழ வேணும் எண்டில்லை. பாக்கிற பார்வை மங்கல், எழும்பேக்க தள்ளாட்டம், ஸ்கோர் கேட்டா தெரியாது, வழக்கமில்லாத கோபம், ஒண்டு இருந்தாலும் உடனே வெளிய, அண்டைக்குத் திரும்ப உள்ள இல்லை. முதல் 24 மணித்தியாலம் தனிய விடக் கூடாது, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட வேண்டாம். ரெண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், மோதலில்லாப் பயிற்சி, மருத்துவர் பாத்த பிறகு மோதல் பயிற்சி. கழக, பாடசாலை மட்டத்தில 21ஆம் நாளுக்கு முதல் மேட்ச் கிடையாது. தொலைக்காட்சியில ஒருத்தன் 12 நிமிசத்தில திரும்பி வாறதைப் பாத்துப்போட்டு இங்கயும் கேக்கினம். அது மேட்ச் மருத்துவர், வீடியோ மறுபார்வை, தொடக்கப் பருவத்தில எடுத்த அடிப்படைச் சோதனை, 2024இல் இருந்து அளவி பொருத்தின பற்காப்பு எல்லாம் வச்சுச் செய்யிற முறை. இங்க அதில ஒண்டும் இல்லை, சந்தேகம் எண்டாலே வெளியதான்.

இதை மறைச்சுச் சொல்ல ஏலாது: 2003இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின்ர ஹூக்கர் ஸ்டீவ் தொம்சன், 42 வயசில தனக்கு இளவயசிலயே வாற மறதிநோய் எண்டு 2020 டிசம்பரில வெளியில சொன்னார், அந்த இறுதி ஆட்டத்தை வென்றது நினைவில்லை எண்டும் சொன்னார். அதுக்குப் பிறகு பயிற்சியில மோதலைக் குறைக்கிற பேச்சு இன்னும் கூடினது. தம்பிக்குப் பயிற்சி குடுக்கிற ஆள் ஒவ்வொரு நாளும் முழு மோதல் வைக்கிறவரா இருந்தா வேற ஆளைப் பாருங்கோ.

உழைக்கிற வயசு: பின்வரிசை ஆக்களுக்குப் பெரும்பாலும் 30 கடந்ததும் வேகம் இறங்கும், 33, 34இல் முடியும், காயம் முந்தியும் முடிக்கும். ஏ.எல். பெறுபேறு இதுக்குத்தான். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கு. நடுவர் வழியும் இருக்கு, அதில 30க்குப் பிறகும் ஓடலாம், தமிழ் பேசுற நடுவர் குறைவு.

பழைய_ப்ளாங்கர்:

தெரிவுக்குப் போற நாளைக்குச் சின்ன விசயம் கொஞ்சம். உதைபந்து பூட்ஸ் போதும், ஆனா குமிழ் கூரா, கிழிஞ்சு இருந்தா நடுவர் வெளிய அனுப்புவார், முதல் நாளே கையால தடவிப் பாருங்கோ. பற்காப்பைச் சுடுதண்ணியில போட்டுக் கடிச்சுச் சரிசெய்து ஒரு கிழமை பயிற்சியில போட்டுப் பழக வேணும், அண்டைக்குப் புதுசாப் போட்டா மூச்சு முட்டும், சத்தம் போட ஏலாது. நகம் வெட்டு, மோதிரம், கயிறு, காப்பு கழட்டு. கோயில் நூல் எண்டாலும் மேல டேப் சுத்த விடமாட்டினம், கழட்டத்தான் சொல்லுவினம்.

அங்க பாக்கிறவை முதல்ல பாக்கிறது பாஸ். உதைபந்துக்காரர் எல்லாருக்கும் வலமிருந்து இடம் போகும், இடமிருந்து வலம் ஆடும். 10 மீற்றர், சுவரில ஒரு குறி, பலமில்லாத பக்கம் ரெண்டு மடங்கு. “எந்த இடம்?” எண்டு கேட்டா “எங்கயும் ஆடுவன்” எண்டு சொல்லக் கூடாது. “பதினைஞ்சு, இல்லாட்டி விங், இடது கால்” எண்டு சொல்லச் சொல்லுங்கோ. 12ஆம் நம்பரிட்ட இந்த ஒரு இடத்தில தோத்துப் போறன்.